தமிழ் பேசுவோர் குறைவாக உள்ள தரவைப் பகுப்பாய்விலிருந்து நீக்கத்தான் வேண்டுமா?

ஆய்வு மாணவி, கிளமெண்டி

அனைவருக்கும் வணக்கம். இருமொழியாளர்கள் தாய்மொழிச் சொற்களை எவ்வளவு விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்பதைக் கணித உளவியல் வழியில் ஆராய்ந்து வருகிறேன். திரையில் தோன்றும் எழுத்துத் தொடர் உண்மையான சொல்லா, பொய்ச்சொல்லா என்று பங்கேற்பாளர் பொத்தானை அழுத்திச் சொல்வார். விடையும் அதற்கு எடுத்த நேரமும் பதிவாகும். மாண்டரினும் மலாயும் பேசுவோர் போதிய அளவில் கிடைத்தார்கள். தமிழ் பேசுவோர் மிகச் சிலரே. அவர்களிலும் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்தாம் என்பதால், இந்தக் குறைவு எதிர்பார்த்ததே.

தமிழ்க் குழுவை நீக்கிவிடுமாறும், இல்லையேல் எல்லாரையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்குமாறும் எனக்கு அறிவுரை வந்துள்ளது. இரண்டையும் மனம் ஏற்கவில்லை. படிநிலை மாதிரி உதவும் என்கிறார்கள். இவ்வளவு சிறிய குழுவுக்கு அதை நம்பலாமா?

புள்ளியியல் விரிவுரையாளர், ஜூரோங்

சராசரி குறித்த உங்கள் தயக்கம் சரியானது. உளவியலாளர் வில்லியம் எஸ்டெஸ் 1956இலேயே இதை எச்சரித்தார்: ஒவ்வொருவரும் வெவ்வேறு கட்டத்தில் திடீரெனக் கற்றுக்கொண்டாலும், அவர்களின் சராசரிக் கோடு மெல்ல மெல்ல உயர்வதாகவே காட்டும், அப்படி மெல்ல மெல்லக் கற்றவர் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லாமல் இருக்கலாம்.

படிநிலை மாதிரி ஒவ்வொருவரின் மதிப்பையும் தனியே கணித்து, தரவு குறைந்தவர்களின் மதிப்பைக் குழுச் சராசரியை நோக்கி ஓரளவு நகர்த்துகிறது. எந்தக் குழுவின் சராசரியை நோக்கி என்பதில்தான் கவனம் வேண்டும். மூன்று மொழியினரையும் ஒரே பொதுப் பரவலுக்குள் வைத்தால், தமிழ் பேசுவோரின் மதிப்புகள் பெரும்பான்மையினரின் சராசரிப் பக்கம் இழுக்கப்படும். குழுவை நீக்காமலேயே அதன் இயல்பை அழித்துவிடுவீர்கள். ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனிச் சராசரி கொடுங்கள். மூன்றே மொழிகள் இருக்கும்போது, மொழிகளுக்கிடையிலான மாறுபாட்டைத் தரவிலிருந்து நம்பகமாகக் கணிக்க இயலாது. மொழியை நிலையான காரணியாக, அதாவது ஒவ்வொரு மொழியின் சராசரியையும் மற்றவற்றை நோக்கி இழுக்காமல் தனியே கணிக்கும்படி, வைப்பதே நல்லது. குழுவுக்குள் உள்ள மாறுபாட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிரையர் (தரவைப் பார்ப்பதற்கு முன் ஒரு மதிப்பைப் பற்றி நாம் வைக்கும் அனுமானப் பரவல்), ஆட்கள் குறைவாக இருக்கும்போது முடிவை வெகுவாக மாற்றும். புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2006இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று பிரையர்களை வைத்துப் பார்த்து, முடிவு எப்படி மாறுகிறது என்பதையும் கட்டுரையிலேயே காட்டுங்கள்.

ஒருவருக்குச் சோதனைச் சொற்களைக் கூட்டினால் அந்த ஒருவரைப் பற்றிய மதிப்பீடு கூர்மையாகும்; சமூகத்தைப் பற்றிய மதிப்பீட்டுக்கு ஆட்கள்தான் வேண்டும். எனவே தமிழ்க் குழுவின் மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் இடைவெளி அகலமாகவே வரும். அதை அப்படியே அச்சிடுங்கள். பி-மதிப்பு (வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தோன்றும் வாய்ப்பு) வழக்கமான எல்லையான 0.05ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக 'வேறுபாடு இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆய்வு மாணவி, கிளமெண்டி

மிக்க நன்றி, ஐயா. முதியவர்களின் எதிர்வினை நேரம் நீண்டிருப்பதைத் தமிழ்த்திறன் குறைவு என்று வாசகர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலையும் இருக்கிறது.

மூத்தோர் அறிவாற்றல் ஆய்வாளர், தோ பாயோ

அந்தக் கவலைக்கு டிஃபியூஷன் மாதிரி நேரடியாகப் பயன்படும். உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978இல் முன்வைத்த இந்த மாதிரி, வெறும் நேரத்தை மட்டும் பார்க்காமல், சரியான விடைகளையும் தவறான விடைகளையும் அவற்றின் நேரப் பரவலையும் ஒருங்கே கொண்டு, சான்று சேரும் வேகம், முடிவெடுக்கத் தேவைப்படும் சான்றின் அளவு, எழுத்தைக் காணவும் விரலை அசைக்கவும் ஆகும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது. ராட்கிளிஃப், தாப்பர், கோமெஸ், மெக்கூன் ஆகியோர் இதே வகைச் சோதனையை 2004இல் ஆராய்ந்தபோது, முதியவர்களின் தாமதத்துக்குக் காரணம் அவர்களின் கூடுதல் நிதானமும் காணல், அசைத்தல் நேரமுமே என்று கண்டார்கள். சான்று சேரும் வேகம் இளையோரைவிடக் குறைந்திருக்கவில்லை. தாமதத்தை அறியாமையாகக் கணக்கிடுவது அந்தப் பெரியவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். வயதை மாதிரியில் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் வயதின் விளைவு மொழியின் தலையில் விழும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்

எனக்குக் கணிதம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சொற்பட்டியலை யார் தொகுத்தார்கள் என்று கேட்க விரும்புகிறேன். தமிழ்நாட்டு நாளிதழ்களிலிருந்து எடுத்த சொல் பயன்பாட்டு எண்ணிக்கை, இங்கே வீட்டில் பேச்சுத் தமிழும் பள்ளியில் எழுத்துத் தமிழும் கேட்டு வளர்ந்தவருக்குப் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? வேற்றுமை உருபுகள் சேர்ந்து நீண்ட சொற்களை மாண்டரின் சொற்களோடு நேரத்தால் ஒப்பிடுவதும் எனக்கு நெருடுகிறது. சோதனைக் குறிப்புகளையும் தமிழில் கொடுத்தீர்களா, தங்கச்சி?

புள்ளியியல் விரிவுரையாளர், ஜூரோங்

அம்மையார் கேட்டது பகுப்பாய்வின் மையத்தையே தொடும் கேள்வி. பங்கேற்பாளர்களைப் போலவே சொற்களும் ஒரு பெரிய தொகுப்பிலிருந்து எடுத்த மாதிரிக்கூறுதான் என்று மொழி உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் 1973இல் வலியுறுத்தினார். ஆதலால் சொல்லுக்குச் சொல் உள்ள மாறுபாட்டையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். சொல்லின் நீளத்தையும் அதன் புழக்கத்தையும் மொழிக்குள்ளேயே தரப்படுத்த வேண்டும். மொழிகளுக்கு இடையே நேரத்தை ஒப்பிடுவதைக் காட்டிலும், புழக்கம் கூடும்போது வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒவ்வொரு மொழியிலும் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

புழக்க மதிப்பை இங்குள்ள தமிழர்களிடமே பெறலாம்: ஒரு சொல்லை எவ்வளவு அடிக்கடி கேட்கிறார்கள் என்பதை ஏழு படி அளவுகோலில் குறிக்கச் சொல்லுங்கள். அம்மையார் போன்றவர்களைச் சொற்பட்டியல் தயாரிக்கும்போதே அழைத்து, அவர்கள் பங்கைக் கட்டுரையில் பெயரோடு குறிப்பிடுங்கள். பகுப்பாய்வை ஆர், ஸ்டான் போன்ற கட்டணமற்ற மென்பொருளில் எழுதி நிரலை வெளியிட்டால், மலாய், மாண்டரின் ஆய்வாளர்களும் அதைச் சரிபார்க்க முடியும்.