தெறி பூட்டும் கம்பி

கோண்டாவிலில் இருந்து:

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. மூன்று மாதத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சட்டை போடுவதில்தான் தினமும் சண்டை. நான் தெறி (பொத்தான்) பூட்டிவிடப் போனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாற்பது வருடம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த மனுசன், மகளுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

கனடாவில் இருக்கும் மச்சாள் இதைக் கேள்விப்பட்டு ஒரு பார்சல் அனுப்பினாள். குனியாமல் சொக்ஸ் மாட்டுவதற்கு ஒரு சாமான், சப்பாத்துக்கு நீளமான ஒரு கரண்டி, தெறி பூட்ட ஒரு கம்பி. முதல் இரண்டையும் அப்படியே அலுமாரியில் வைத்துவிட்டோம். பாட்டா செருப்புப் போடுகிற மனுசனுக்கு இதெல்லாம் எதற்கு? கம்பியும் சரிவரவில்லை. அதன் வளையம் பெரிது, அப்பாவின் அரைக்கைச் சட்டையின் தெறித் துவாரத்துக்குள் நுழையவே இல்லை. அப்பா அதை இடக்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இது சில்லுக் கம்பி வேலைதானே. தம்பியைக் கூப்பிடு” என்றார்.

பின்வளவில் கிடந்த பழைய முன்சில்லில் ஒரு கம்பியைக் கழற்றி, தம்பி குறடால் வளைத்தான். அப்பா கதிரையில் இருந்தபடியே, “இன்னும் நெருக்கு, இன்னும் நெருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வளையம் தண்ணீர்த்துளி மாதிரி, ஒரு பக்கம் அகன்று நுனியில் ஒடுங்கி இருக்க வேண்டும். அதைத் துவாரத்துக்குள் வெளிப்பக்கத்தில் இருந்து விட்டு, அகன்ற இடத்தில் தெறியை மாட்டி, ஒடுங்கின இடத்துக்கு வழுக்கவிட்டு இழுத்தால் தெறி தானாக வெளியே வரும்.

முதல் கம்பியின் வெட்டின முனையை அராவ மறந்துபோனோம். இழுத்த இழுவையில் நூல் அறுந்து, தெறி அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது. அப்பா தம்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டாவது கம்பியை அரத்தால் நன்றாக அராவினோம். பிடிக்கு, உள்ளே மரத்துண்டு வைத்த சைக்கிள் ஹாண்டில் றப்பர். பிடி தடிப்பாக இருப்பதுதான் முக்கியம், ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடிக்கக் கஷ்டம்.

வாட்டில் பயிற்சி தந்த மிஸ் சொன்ன ஒன்றையும் சொல்லவேண்டும். போடும்போது ஏலாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது மறுவளமாக, நல்ல கையில் இருந்து தொடங்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ளாமல் முதல் மாதம் முழுக்க அப்பாவின் தோளை நோகப்பண்ணியிருக்கிறோம்.

சாவகச்சேரியில் இருந்து:

என் அம்மாவுக்குச் சலரோகத்தோடு தோள்மூட்டும் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேலே தூக்க ஏலாது. வீட்டில் போடுகிற சட்டைகளை எல்லாம் முன்பக்கம் வெட்டி சிப் வைத்தோம். சிப்பின் நாக்கு சின்னது, விரலில் அகப்படாது, அதில் ஒரு திரைச்சீலை வளையத்தைக் கோத்துவிட்டேன்.

பாவாடை நாடாவுக்குப் பதிலாக இலாஸ்ரிக் வைத்தது மட்டும் பெரிய பிழை. வீட்டுக்குள் சரிதான். கலியாணவீட்டில், பட்டுச்சேலையின் பாரத்துக்கு அது மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது! பந்தியில் இருந்து எழும்பாமலே அம்மா ஒரு மணித்தியாலம் சமாளித்தார். இப்போது தடித்த பட்டி, பக்கவாட்டில் ஒட்டிப் பிரிக்கிற வெல்குரோ.

பருத்தித்துறையில் இருந்து:

வெல்குரோ வைப்பவர்கள், தோய்க்கும்போது அதை ஒட்டி மூடிவிட்டுத் தோயுங்கோ. திறந்துகிடந்தால் மற்ற உடுப்பில் கொளுவிப் பிய்க்கும், நூலும் தும்பும் பிடித்துப் பிறகு ஒட்டவும் ஒட்டாது. என் வேட்டி ஒன்று அப்படித்தான் போனது.

கோண்டாவிலில் இருந்து, மறுபடியும்:

வெல்குரோவை அப்பாவுக்கும் கேட்டுப் பார்த்தோம். தெறியை மேலே சும்மா தைத்துவிட்டு உள்ளே வெல்குரோ வைக்கலாம், பார்ப்பவருக்குத் தெரியாது என்று தையல்காரர் சொன்னார். “எனக்குத் தெரியுமே” என்றார் அப்பா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

திருவிழாவுக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஆம்பிளைகள் மேற்சட்டையோடு உள்ளே போக முடியாது என்பது தெரிந்ததுதானே. இவ்வளவு பாடுபட்டுப் பூட்டினதை வாசலில் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றுவதற்குக் கம்பி தேவையில்லை, இடக்கைப் பெருவிரலே போதும். கும்பிட்டு வெளியே வந்ததும் வீதியில் ஒரு ஓரமாக நின்று, மடியில் செருகியிருந்த கம்பியை எடுத்து ஐந்து தெறியையும் பூட்டினார். நாலு நிமிடம் பிடித்தது. நான் கச்சான் வாங்குகிற சாட்டில் தள்ளி நின்றுகொண்டேன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டாராம். அவருக்கு விரல் நடுக்கம். முன்சில்லில் இருந்த 32 கம்பியில் இரண்டுதான் போயிருக்கிறது. தம்பியைக் காலையிலேயே குறடோடு வரச்சொல்லியிருக்கிறார் அப்பா.