மக்னடைட் தடித்த இடத்தில் செப்பு ஏன் குறைகிறது?

கொட்டியாரம்:
ஸ்கார்ன் (சூடான தீப்பாறை ஊடுருவி உருமாற்றிய சுண்ணக்கல்) கோரை, அதாவது துளையிட்டு எடுத்த கல்தூணைப் பதியும்போது, மக்னடைட் என்ற இரும்புத் தாது தடித்து, காந்தம் பலமாக இழுக்கிற மீற்றர்களில் செப்பும் கூடும் என்று பார்த்தால் ஆய்வுகூட முடிவு அப்படி வருவதில்லை. செப்பு, நாகம், ஈயம் எந்த ஒழுங்கில் படிகின்றன? அதைத் திருகோணமலை மாவட்டத்துச் சேருவில தாதுக்கும் பொருத்தலாமா?

உப்பாறு:
தம்பி, காந்தத்தை வைத்துவிட்டு முதலில் கார்னெட்டின் நிறத்தைப் பாருங்கள். தீப்பாறை ஊடுருவலை ஒட்டிக் கரும்பழுப்புக் கார்னெட் இருக்கும். அப்பால் போகப்போக நிறம் வெளிறும், பைரொக்சீன் என்ற கனிமம் கூடும். சலவைக்கல் விளிம்பில் வொலஸ்டனைட் என்ற வெள்ளைக் கனிமம். செப்புத் தாதுக்களில் சால்கோபைரைட் பெரும்பாலும் கார்னெட் பகுதியில், போர்னைட் வொலஸ்டனைட் பக்கம். நாகமும் ஈயமும் தொலைவில். சலவைக்கல் வெடிப்புகளுக்குள்ளும் ஓடியிருக்கும். பெரு நாட்டின் அன்டாமினா சுரங்கத்தில் பழுப்புக் கார்னெட்டில் செப்பு மட்டும். பச்சைக் கார்னெட்டில் நாகமும் சேரும்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் காலவரிசை. முதலில் கடும் சூட்டில் கார்னெட், பைரொக்சீன் போன்ற நீரற்ற கனிமங்கள் உருவாகின்றன. சூடு இறங்கியபின் வெடிப்பு வழியே வரும் நீர்மம் அவற்றை அரித்து எபிடோட், ஆக்டினோலைட், குளோரைட் போன்ற நீருள்ள கனிமங்கள் ஆக்கும்போதுதான் சல்பைட்டின் (உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த தாது) பெரும்பங்கு படிகிறது. மக்னடைட் வழக்கமாக அதற்கு முந்தியது. சால்கோபைரைட் அதன் வெடிப்புகளிலும் மணிகளுக்கிடையிலும் பின்னர் நிரம்பும். வெடிக்காத தடித்த மக்னடைட்டில் செப்பு நுழைய வழியில்லை. எபிடோட் வெட்டாத கார்னெட்டும் அப்படியே, எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் வெறுங்கல்.

சம்பூர்வெளி:
பைரோடைட் என்ற இரும்புச் சல்பைட்டும் காந்தத்துக்கு ஒட்டும், அதை மக்னடைட் என்று எழுதிவிடாதீர்கள். வெண்கல நிறம் காட்டிக்கொடுக்கும். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கையில் இருக்கட்டும்: கல்சைட் உடனே நுரைக்கும், டொலமைட் பொடியாக்கினால்தான் நுரைக்கும். டொலமைட்டில் உருவான ஸ்கார்னில் ஒலிவின், சர்ப்பன்டைனோடு மக்னடைட் மிகுந்திருப்பது வழமை. மாதிரியை 1 மீற்றர் என்று கண்ணை மூடி வெட்ட வேண்டாம். சலவைக்கல் விளிம்பில் சில சென்ரிமீற்றருக்குள் எல்லாம் மாறிவிடும்; எல்லையில் நிறுத்தி வெட்டாவிட்டால் நல்ல தாதுவும் வெறுங்கல்லும் கலந்து சராசரி பொய்யாகும்.

உப்பாறு:
சேருவிலயில் கவனம் வேணும். 1971இல் கண்டறியப்பட்ட அந்தத் தாது ஹைலண்ட், விஜயன் என்ற இரு பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டியது. கடுமையாக உருமாறி மடிந்த பாறைகள். ஒழுங்கு இருந்தாலும் புரண்டிருக்கலாம், தூரத்தை நேர்கோட்டில் அளக்காதீர்கள். அயலிலுள்ள நைஸ் என்ற பட்டை படிந்த உருமாறிய பாறையின் சிவப்புக் கார்னெட் அல்மண்டைன் வகை, ஸ்கார்னுக்குச் சம்பந்தமில்லை. கூடவே பயோடைட், சிலிமனைட் இருந்தால் அதுதான். டயொப்சைட், ஸ்கபோலைட், கல்சைட்டோடு நிற்கும் கார்னெட்டையே கணக்கில் எடுங்கள்.