அம்மாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "பிட்யூட்டரி மேக்ரோஅடினோமா" என்று இருக்கிறது, யாராவது விளக்க முடியுமா?

மஞ்சக்குப்பம் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர். அம்மாவுக்கு 54 வயது. தீபாவளியிலிருந்தே தலைவலி. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், ரோட்டில் பக்கத்தில் வரும் வண்டி தெரிவதில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்தெல்லாம் கடகடவென்று படித்துவிட்டார், பவர் மாற்ற வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தோம். "22 x 18 மி.மீ. பிட்யூட்டரி மேக்ரோஅடினோமா, சுப்ராசெல்லார் எக்ஸ்டென்ஷன், ஆப்டிக் கயாஸ்மா அழுத்தப்பட்டுள்ளது, கேவர்னஸ் சைனஸ் இன்வேஷன் இல்லை." ரத்தத்தில் புரோலாக்டின் 68, டி.எஸ்.எச். 2.1, ஃப்ரீ டி4 0.6. பெரியம்மா மூளைப் புற்றுநோய் என்று அழுதுகொண்டிருக்கிறார். அடுத்த வாரம் ஜிப்மர் போகிறோம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
முதலில் பெரியம்மாவை அழுவதை நிறுத்தச் சொல்லும்மா. அடினோமா என்றால் சுரப்பியில் வளரும் கட்டி. பிட்யூட்டரியில் வருவது அநேகமாக எல்லாமே புற்றுநோய் அல்லாதது, வேறு இடத்துக்குப் பரவாது. நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். என் தம்பிக்கும் இதே சுரப்பியில்தான் ஆபரேஷன் நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிட்யூட்டரி பல ஹார்மோன்களைச் சுரக்கும் சுரப்பி, ஒரு பட்டாணி அளவுதான். மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் செல்லா என்ற எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. கட்டி 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மைக்ரோ, அதற்கு மேல் மேக்ரோ. "சுப்ராசெல்லார் எக்ஸ்டென்ஷன்" என்றால் குழியைத் தாண்டி மேலே வளர்ந்திருக்கிறது. அங்கேதான் இரண்டு கண் நரம்புகளும் சேரும் கயாஸ்மா. இரு பக்க ஓரப் பார்வையைக் கொண்டுவரும் இழைகள் அங்கே குறுக்கே போகின்றன, கட்டி அவற்றைத்தான் அழுத்தும். அம்மா எழுத்தைப் படித்ததும் நிலையில் இடித்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இதற்கு "பைடெம்போரல் ஹெமியனோபியா" என்று பெயர், ஃபைலில் இந்த வார்த்தை வரும். பெரிமெட்ரி, அதாவது விஷுவல் ஃபீல்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, தாடையை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் தவளக்குப்பத்திலேயே பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜிப்மருக்கு முன்பே எடுத்துக்கொண்டு போகலாம். பார்வை குறைந்துகொண்டே வந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் நேராக எமர்ஜென்சிதான்.

"கேவர்னஸ் சைனஸ் இன்வேஷன் இல்லை" என்பது நல்ல செய்தி. பக்கவாட்டில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடம் அது.

இப்போது உன் ரத்த ரிப்போர்ட். எல்லோரும் டி.எஸ்.எச். நார்மல், தைராய்டு இல்லை என்று சொல்லியிருப்பார்களே? தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அதுவே நசுங்கியிருக்கும்போது அந்த எண்ணை நம்ப முடியாது. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்தான் டி4; ஃப்ரீ டி4 0.6 என்றால் பெரும்பாலான லேபுகளின் அளவுப்படி குறைவு. இதை "சென்ட்ரல் ஹைப்போதைராய்டிசம்" என்பார்கள். ஒன்றை மட்டும் கேட்காமல் வந்துவிடாதே: காலை 8 மணி கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பார்த்தாயிற்றா? கார்டிசால் குறைவாக இருக்கும்போது அதைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் ஆளே சாய்ந்துவிடலாம். ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் அப்புறம்.

புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், 68 என்று இருப்பது பற்றிக் கேட்க வேண்டியது இருக்கிறது. அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

லேப் கோட் (வில்லியனூர்):
அக்கா சொன்னதோடு ஒன்று. பெண்களுக்குப் புரோலாக்டின் சுமார் 25 நானோகிராம் வரை நார்மல். புரோலாக்டின் சுரக்கும் கட்டி இவ்வளவு பெரிதாக இருந்தால் அளவு பொதுவாக 200-ஐத் தாண்டும். 68 என்பது கட்டியின் அளவோடு ஒத்துப்போகவில்லை. ரொம்ப அதிகமாக இருக்கும்போது மெஷின் குறைத்துக் காட்டுவதும் உண்டு, ஹூக் எஃபெக்ட் என்போம். டைல்யூட் செய்து மறுபடி ஓட்டச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பண்ருட்டி மருமகள்:
என் மாமியாருக்குக் கட்டியே இல்லை, ஆனால் இதே சுரப்பிதான். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருக்கிறது, அப்புறம் தாய்ப்பாலும் வரவில்லை, மாதவிலக்கும் வரவில்லை. வருடக்கணக்காக ரத்தசோகை என்றே டானிக் கொடுத்தார்கள். ஒருநாள் சோடியம் இறங்கி மயங்கி விழுந்த பிறகுதான் "ஷீஹான் சிண்ட்ரோம்", அதாவது பிரசவ ரத்தப்போக்கால் பிட்யூட்டரி பழுதாவது, என்றார்கள். ஸ்கேனில் "எம்ப்டி செல்லா", சுரப்பி சுருங்கிக் குழி காலியாகத் தெரிகிறது. இப்போது கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி இரண்டு மடங்கு. தானாக நிறுத்தவே கூடாது என்று கார்டே கொடுத்திருக்கிறார்கள், பர்ஸிலேயே வைத்திருக்கிறார்.

மஞ்சக்குப்பம் மகள்:
ரொம்ப நன்றி அக்கா. அம்மா பிரஷர் மாத்திரையும், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் போடுகிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பான்டோபிரசோல், டொம்பெரிடோன் என்று இருக்கிறது. கார்டிசால் பார்க்கவே இல்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
நினைத்தேன்! டொம்பெரிடோன் புரோலாக்டினைத் தூக்கிவிடும். நம் ஊரில் கேஸ் மாத்திரையைக் கடலை மிட்டாய் மாதிரி வாங்கிச் சாப்பிடுகிறோம். அட்டையை அப்படியே கொண்டுபோய்க் காட்டு. இன்னொரு காரணமும் இருக்கலாம். மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து ஒரு காம்பு வழியாக டோபமின் இறங்கி வந்து புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. கட்டி அந்தக் காம்பை நசுக்கினால் புரோலாக்டின் ஓரளவு ஏறும். "ஸ்டாக் எஃபெக்ட்" என்று எழுதுவார்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், புரோலாக்டினோமா என்றால் கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கும். அது இல்லை என்றால், கண்ணை அழுத்தும் கட்டிக்கு மூக்கு வழியாக ஆபரேஷன். வைத்தியமே மாறுகிறது.

ஆபரேஷன் என்றாலும் மண்டையைத் திறக்க மாட்டார்கள், பயப்படாதே. தம்பிக்கு அக்ரோமெகாலி, வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகி கை கால் பெரிதாகும் நோய். மோதிரம் கழலாமல் சோப்புப் போட்டு இழுத்தோம், செருப்பு 8-லிருந்து 10 ஆனது. அவனுக்கும் மூக்கு வழியாகத்தான். முடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அதே அளவு சிறுநீர் போனான். டிஸ்சார்ஜ் தாளில் "டயாபடீஸ் இன்ஸிபிடஸ்" என்று பார்த்த எங்கள் அத்தை அவனுக்குச் சர்க்கரை போட்ட காபியே தரவில்லை! சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சிறுநீர் அதிகம் போகாமல் தடுக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் குறைவதால் வருவது. 2022-இல் அதன் பெயரையே மாற்றிவிட்டார்கள், அத்தைக்குத்தான் இன்னும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

மஞ்சக்குப்பம் மகள்:
கார்டிசாலுக்கு நாளைக் காலை இங்கேயே ரத்தம் கொடுக்கிறோம். வியாழக்கிழமை தவளக்குப்பம். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன் அக்கா.