டாய்லெட் வென்டிலேட்டர் பிளானில் தெரியவில்லை – ரெவிட் ஃபேமிலி உதவி வேண்டும்

ஈரோடு_டிராஃப்ட்ஸ்மேன்:
வணக்கம். ஆட்டோகேடில் பிளாக் போட்டே பழகிய கை. இப்போது ஆபீஸில் ரெவிட்டுக்கு (கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள்) மாறச் சொல்கிறார்கள். மெட்ரிக் விண்டோ டெம்ப்ளேட்டில் 600 × 450 மி.மீ. வென்டிலேட்டர் ஃபேமிலி (அளவு மாற்றித் திரும்பத் திரும்ப வைக்கும் ஜன்னல் மாதிரி) ஒன்று செய்தேன். லிண்டல் (திறப்பின் மேல்மட்டம்) 2100, சில் (அடிமட்டம்) 1650. எலிவேஷனில் சரியாக வருகிறது. பிளானில் வெறும் சுவர்தான்.

இன்னொன்று, கிரில் கம்பி. அகலத்தை மாற்றினால் எண்ணிக்கை தானாக மாற வேண்டும். 'அகலம் / 100' என்று ஃபார்முலா போட்டால் 'இன்கன்சிஸ்டன்ட் யூனிட்ஸ்' என்கிறது. சீனியர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_டிராயிங்போர்டு:
தம்பி, கம்பி எண்ணும் வேலையை முதலில் முடித்துவிடுவோம் (தப்பாக எடுத்துக்கொள்ளாதே).

அகலம் என்பது நீளம். அதை வெறும் 100-ஆல் வகுத்தால் விடையும் நீளமாகத்தான் வரும், எண்ணிக்கையாக வராது. 'இடைவெளி' என்று ஒரு லெங்த் பாராமீட்டர் (மாற்றக்கூடிய நீள அளவு) வைத்து 100 மி.மீ. கொடு. இரு பக்கச் சட்டமும் 50 என்றால், கட்டங்கள் = ரவுண்டப்((அகலம் - 100 மி.மீ.) / இடைவெளி). கம்பி = கட்டங்கள் - 1. 1350 ஜன்னலுக்கு உள் அகலம் 1250. கட்டம் 13, கம்பி 12, உண்மை இடைவெளி 96 சொச்சம். பாராமீட்டர் பெயரில் மட்டும் கழித்தல் குறி வேண்டாம், ஃபார்முலா அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளும்.

கம்பியைத் தனி ஃபேமிலியாகச் செய்து உள்ளே லோட் பண்ணு. அர்ரேயில் (ஒன்றை வரிசையாக நகலெடுக்கும் கருவி) 'லாஸ்ட்' தேர்ந்தெடு. முதல் கம்பியையும் கடைசிக் கம்பியையும் ரெஃபரன்ஸ் பிளேனில் (வழிகாட்டித் தளம்) பூட்டு. சட்டத்தின் கோட்டில் நேரடியாகப் பூட்டினால் அகலம் மாறும்போது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

இனி வென்டிலேட்டர். பிளானின் கட் பிளேன் (கட்டடத்தை வெட்டிக் காட்டும் உயரம்) வழக்கமாக 1200. உன் சில் 1650. வெட்டு படாத ஜன்னலை ரெவிட் காட்டாது, நீ உள்ளே எத்தனை சிம்பாலிக் லைன் (3டியில் வராத 2டி கோடு) வரைந்திருந்தாலும். அதனால் வெட்டுப்பட ஏதாவது கொடுக்க வேண்டும். ஃபேமிலியின் எலிவேஷனில் சில் மட்டத்திலிருந்து கீழே 1000 நீளத்துக்கு ஒரு மாடல் லைன் போட்டு, அதை 'இன்விசிபிள் லைன்ஸ்' ஆக்கு. அதன் கீழ்முனை 650-இல் நிற்கும். கட் பிளேன் அதை வெட்டும், ஜன்னல் பிளானுக்குள் வந்துவிடும். பிறகு ஃபேமிலியின் பிளான் வியூவில் சிம்பாலிக் லைனால் புள்ளிக்கோடு போடு. 3டியில் அது தலைகாட்டாது.

சாந்து_சட்டி:
இவ்வளவு சுற்றுவானேன்? வியூ ரேஞ்சில் கட் பிளேனை 1800-க்கு ஏற்றினால் போதுமே.

பழைய_டிராயிங்போர்டு:
ஏற்றலாம். படிக்கட்டின் வெட்டுக்கோடும் கூடவே மேலே ஏறும். வென்டிலேட்டர் புள்ளிக்கோடாக இல்லாமல் சாதா ஜன்னல் மாதிரி வெட்டுப்பட்டு வரும். சைட்டில் மேஸ்திரி அதைப் பார்த்து 900-இல் திறப்பு விட்டால் யார் பதில் சொல்வது? பிளான் ரீஜன் (ஓர் இடத்துக்கு மட்டும் வேறு கட் பிளேன்) போட்டாலும் இதே கதைதான், அதுவும் ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் தனித்தனியாக.

ஈரோடு_டிராஃப்ட்ஸ்மேன்:
அண்ணா, பிளானில் வந்துவிட்டது! டேக் போட்டால் வி1 என்றும் வருகிறது. கம்பியும் 450, 600, 1350 மூன்றிலும் சரி. 300 அகலத்தில்தான் எரர்.

பழைய_டிராயிங்போர்டு:
300-இல் உள் அகலம் 200, கம்பி ஒன்றே ஒன்று, அதனால்தான் அர்ரே எரர் தருகிறது. ஒற்றைக் கம்பிக்கு எதற்கு அர்ரே? அதைத் தனி ஃபேமிலியாக சேவ் செய்து, அர்ரேயை எடுத்துவிட்டு நடுவில் ஒரு கம்பியை ஈக்யூ (இரு பக்கமும் சம தூரம்) வைத்து நிறுத்து. இஃப் நிபந்தனை போட்டு ஒரே ஃபேமிலியில் திணிக்கிறவர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்து அந்த ஃபார்முலாவை அவர்களையே படிக்கச் சொல்லிப் பார்.