கீசர் காயிலில் கட்டுவது உப்பா? ‘நீர்க்காரை’ என்ற சொல்லை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

கீசரின் காயிலிலும் (சூடேற்றும் கம்பிச்சுருள்) கெட்டில் அடியிலும் வெள்ளையாகக் கெட்டிப்படுவதற்கு ‘உப்புப் படிவு’ என்று போடலாம் என அம்மா எழுதியிருந்தீர்கள். வழக்கில் இருப்பது அதுதான். பிளம்பரும் “உப்பு கட்டியிருக்கு சார்” என்றுதான் சொல்கிறார். ஆனாலும் நாம் தயாரிக்கும் வீட்டுத் தண்ணீர்க் கையேட்டில் அந்தச் சொல் வேண்டாம் என்பேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வைத்தார்கள். வைத்த மறுநாள் டி.டி.எஸ். (மொத்தக் கரைபொருள்) மீட்டரை விட்டுப் பார்த்தால் பழைய எண்ணே காட்டியது. “உப்பு குறையவே இல்லை, ஏமாந்துவிட்டோம்” என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். அந்தக் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் சோடியத்தை விடுவதுதான் அதன் வேலை. கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு அதனால் குறையாது. மீட்டரோ மின்கடத்துத்திறனை வைத்து அந்த மொத்தத்தை மதிப்பிடுகிறதே தவிர, அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்ற கடினத்தன்மையைத் தனியே அறியாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை. மொத்தக் கரைபொருளுக்கு அந்த எல்லைகள் 500, 2000. ‘உப்பு’ என்ற ஒரே சொல் இரண்டையும் குழப்பி, அந்த வீட்டுக்குப் பணநட்டம் வைத்தது.

காயிலில் கட்டும் கால்சியம் கார்பனேட்டும் வேதியியல்படி உப்புதானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் வீட்டில் உப்பு என்றால் தண்ணீரில் கரைவது. காயிலில் கட்டுவதைத் தண்ணீரில் எத்தனை நாள் போட்டாலும் கரையாது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ போட்டால் நுரைத்துக் கரையும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறும்போது கார்பனேட்டாகப் பிரிந்து, அதிகச் சூடான இடத்தில், அதாவது காயில் மேலேயே, ஒட்டிக்கொள்கிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே காயில் அளவுக்கு மீறிச் சூடேறிக் கடைசியில் எரிந்துபோகிறது. 60 டிகிரிக்கு மேல் வைத்தால் இன்னும் வேகமாகப் படியும்.

(பாடநூலில் இதற்குக் காரணமானதைத் ‘தற்காலிகக் கடினத்தன்மை’ என்கிறோம். கீசரைப் பொறுத்தவரை நிலைத்துத் தங்கிவிடுவது இதுதான். அந்தச் சொல்லையும் ஒருநாள் பேச வேண்டும்.)

ஆங்கில ‘ஸ்கேல்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘செதில்’ சரிவராது, அது மீனுக்கும் பாம்புக்கும் உரியது. ‘பொருக்கு’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் புண் ஆறி உதிர்வதையே நினைவூட்டுகிறது. இது தானாக உதிராது.

என் முன்மொழிவு ‘நீர்க்காரை’. பல்லில் இறுகுவதைப் பற்காரை என்கிறோம். அதிலும் கால்சியம்தான். கான்கிரீட்டுக்குக் கற்காரை என்ற சொல் உண்டு. காரை என்றாலே சுண்ணாம்பும் பூச்சும் மனதில் வரும். காரை பிடிக்கும், காரை பெயரும் என்று வினைகளும் ஆயத்தமாக இருக்கின்றன. ‘கெட்டிலில் காரை பிடித்தால் காரைநீக்கி ஊற்றிக் கொதிக்கவிடவும்’ என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது.

•

வணக்கம் ஐயா.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்கட குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். கேத்தலின் அடியில் இது தடிப்பாகப் பிடிக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கடின நீரை ‘வன்னீர்’ என்றும் கடினத்தன்மையை ‘வன்மை’ என்றும் படித்தோம். உப்புக் கரிக்கிற தண்ணிக்குச் ‘சவர்த் தண்ணி’ என்று வேறு சொல். ஆகவே நீங்கள் சொல்லும் குழப்பம் எங்களிடம் குறைவு. ‘நீர்க்காரை’ எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு கேள்வி. பைப் வாயிலும் வாளி விளிம்பிலும் தண்ணி காய்ந்து வெள்ளையாக நிற்குமே, அதுவும் நீர்க்காரையா? அதில் சவரும் சேர்ந்துதானே இருக்கும்?

•

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. இதை நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் வற்றும்போது அதில் கரைந்திருந்த எல்லாமே அங்கே தங்கிவிடும். சமையல் உப்பு உட்பட. ஆகவே காய்ந்து நிற்பதை ‘உப்புக்கறை’ என்றே விடுவோம், மக்கள் வாயில் இருக்கிற சொல். சூட்டினால் நீரிலிருந்து பிரிந்து இறுகுவதற்கு மட்டும் ‘நீர்க்காரை’. ஷவர் துளைகளில் இரண்டும் கலந்திருக்கும். அங்கே துடைத்துப் போகாமல் நிற்பதைக் காரை என்று கொள்ளலாம்.

‘சவர்’ தமிழ்நாட்டுக் கையேட்டுக்கும் வேண்டும். டி.டி.எஸ். பற்றிய பக்கத்தில் ‘சவர்த்தன்மை’, சாஃப்ட்னர் பக்கத்தில் ‘கடினத்தன்மை (வன்மை)’ என்று பிரித்து எழுதிவிடுகிறேன். ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் சவ்வில் சூடே இல்லாமல் படிகிறதே, அதையும் நீர்க்காரை என்ற வரையறைக்குள் கொண்டுவர ‘சூட்டினால்’ என்பதை ‘சூட்டினாலோ செறிவு கூடுவதாலோ’ என்று திருத்த வேண்டியிருக்கும். வரைவைத் திங்களன்று அனுப்புகிறேன்.