தலைக்கு ஐஸ் தொப்பி போட்டால் மூளை குளிருமா?

ராயக்கோட்டை பையன்:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு நாளாச்சு, கிருஷ்ணகிரியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். நேற்றிலிருந்து காய்ச்சல் 102. காய்ச்சல் மூளைக்கு ஆகாது, இறக்கியே ஆகணும் என்றார் டாக்டர். சரி, ஆனால் சிஸ்டர் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு ஐஸ் பையை அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கிறார். தலையை விட்டுவிட்டு அங்கே ஏன்? ஆன்லைனில் ஜெல் தொப்பி பார்த்தேன், வாங்கலாமா? மாமா வேறு தலையில் பச்சைத் தண்ணி ஊற்றினாலே போதும் என்கிறார்.

பாலக்கோடு சிஸ்டர்:
தம்பி, காசை வீணாக்காதே, நான் 12 வருஷமா ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறேன். தொப்பி போட்டால் மண்டைத் தோல் சில்லென்று ஆகும், பெரியவர்களுக்கு அந்தக் குளிர் ஆழத்துக்கு இறங்காது. மூளை உடம்பு எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது, அதில் கிளம்பும் சூட்டை அள்ளிக்கொண்டு போவது ரத்தம். வருகிற ரத்தமே கொதித்தால் மூளை எப்படிக் குளிரும்? அக்குளிலும் தொடை இடுக்கிலும் பெரிய ரத்தக்குழாய்கள் தோலை ஒட்டி ஓடுகின்றன, அதனால்தான் அங்கே. ஐஸைத் துணி சுற்றித்தான் வைக்கணும். அப்பாவுக்கு நடுக்கம் வருதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இரு, நடுங்கினால் தசையே சூட்டைக் கிளப்பிவிடும், உடனே சிஸ்டரைக் கூப்பிடு. மாமா கையில் சொம்பைக் கொடுத்துவிடாதே!

ஊத்தங்கரை அம்மா:
என் பேரன் பிறந்ததும் அழவில்லை, மூன்று நாள் குளிர வைத்தார்களே அக்கா?

பாலக்கோடு சிஸ்டர்:
அது வேற கதைம்மா, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்குச் செய்வது. பிறந்து 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 33.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் 72 மணி நேரம் வைப்பார்கள். தொப்பி முறையும் உண்டு, பச்சைக் குழந்தைக்கு மண்டை ஓடு மெல்லிசு. அதுகூட எல்லா இடத்திலும் பலிக்கவில்லை: இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வந்தது, குளிர வைத்த பக்கம்தான் இறப்பு அதிகம்.

அரூர் மருத்துவ மாணவன்:
இதயம் நின்று பிழைத்தவர்களிடமும் இதே மாதிரிதான். 2002இல் 32-34 டிகிரிக்கு இறக்கினால் நல்லது என்றார்கள், 2021இல் டிடிஎம்2 ஆய்வில் 33க்கு இறக்கியதற்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டதற்கும் வித்தியாசமே இல்லை. மூக்கு வழியாகக் குளிர்திரவம் தெளிக்கும் கருவிகூட இருக்கிறது. 2019இல் வந்த பெரிய ஆய்வில் அதுவும் தெளிவான பலன் காட்டவில்லை.

ராயக்கோட்டை பையன்:
நன்றிக்கா, தொப்பி வாங்கவில்லை. சாயங்காலம் 99.8. ஐஸ் பையை வைத்ததும் அப்பா இடது கையால் தட்டிவிடப் பார்த்தார், இத்தனை நாளில் இதுதான் முதல்தடவை.