சைக்கிளில் மின்மோட்டார் பொருத்தினால் உரிமம் வேண்டுமா?

கேள்வி: பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்த எண்ணியுள்ளேன். பதினைந்து வயது மகனும் ஓட்டுவான் என்பதால், சட்டம் இதை மோட்டார் வாகனமாகக் கருதுமா என்று கூறுங்கள்.

மறுமொழி 1: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (தொடர்ந்து அரை மணிநேரம் தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, தகுந்த பிரேக்கும் ஒளிதிருப்பிகளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகாது. உரிமமும் பதிவும் தேவையில்லை. ஆனால் இவற்றை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதால், வீட்டில் பொருத்தும் மோட்டாருக்கு இந்த விலக்கைக் கோருவது கடினம்.

மறுமொழி 2: மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு ஒயர் ஒன்று இருக்கும். எனக்கு விற்ற கடைக்காரர் அதைக் கழற்றிவிடட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார், மறுத்துவிட்டேன். கழற்றினால் வேகம் கூடி, விலக்கு போய்விடும். பிறகு சிறுவன் ஓட்டிக் குற்றமிழைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்கீழ் பெற்றோருக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

கேட்டவர்: நன்றி ஐயா. சோதனைச் சான்றுள்ள வண்டியையே வாங்கிவிடுகிறேன்.